வெற்றிடம் என்று குறித்தவர் யார்? செவ்வாய்க் கோள் ஆட்டத்தின் விரிவாக்க வரைபடங்கள் குறித்து

கவிதையையும் புதினத்தையும் நாடகத்தையும் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளும் இப்பக்கங்களில் விளையாட்டுப் பலகை ஒன்றுக்கு இடமளிப்பது முறைதானா என்று வாசகர் சிலர் ஐயுறக்கூடும். நம் முன்னோர் இதில் ஐயுற்றதில்லை. பரமபதப் பலகையை நினைவிற்கொள்வோம். அதன் ஏணிகள் நற்பண்புகளையும் பாம்புகள் தீக்குணங்களையும் குறித்து நின்றன. தாயக்கட்டையை உருட்டிய சிறுவர், அறநூல் எதனையும் திறவாமலே, அறத்தின் ஏற்ற இறக்கங்களை விரலால் தொட்டுப் பழகினர். பலகை வாய் திறந்து பேசுவதில்லை. எனினும் எதற்குப் புள்ளி, எதற்கு இழப்பு என்று அது வகுக்கும் கணக்கே ஒரு போதனையாகிவிடுகிறது.

அவ்வகையில் இன்று உலகின் பல நாடுகளிலும் விரும்பி ஆடப்படும் 'டெர்ராஃபார்மிங் மார்ஸ்' என்னும் பலகையாட்டத்தையும், அதற்கெனப் பின்னர் வெளிவந்த விரிவாக்க வரைபடங்களையும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். மயிலாப்பூரில் லஸ் பகுதியை ஒட்டிய ஓர் இல்லத்தில், ஞாயிறு மாலைகளில் கூடும் நம் சிறு வாசகர் வட்டம் இதனை ஆடிப் பார்த்தது. கல்லூரி மாணவர் இருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இல்லத்தரசி ஒருவர், நாம் ஆகிய ஐவரே அவ்வட்டம். ஆட்டத்தின் சுவைக்காக உட்கார்ந்தவர்கள் நாம். எழும்போது நம் சொந்த ஊரைக் குறித்த கேள்வி ஒன்றையும் சுமந்துகொண்டு எழுந்தோம். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆட்டமும் அதன் களமும்

சுவீடன் நாட்டைச் சேர்ந்த யாக்கோப் ஃப்ரிக்சேலியுஸ் வகுத்த இவ்வாட்டம் 2016ஆம் ஆண்டு வெளியாயிற்று. கதைக்களம் 2400களில் அமைகிறது. பூமியின் உலக அரசு பொருளுதவி செய்ய, பெருநிறுவனங்கள் சில செவ்வாய்க் கோளை மனிதர் வாழத்தக்க இடமாக மாற்ற முனைகின்றன. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு நிறுவனம். கோளின் உயிர்வளி 14 விழுக்காட்டை எட்ட வேண்டும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 30 பாகையிலிருந்து மேல் 8 பாகைக்கு உயர வேண்டும். ஒன்பது கடற்பரப்புகள் அமைய வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும் தலைமுறையோடு ஆட்டம் முடிகிறது. 'தலைமுறை' என்பது இங்கே ஒரு சுற்றின் பெயர் என்பதையும் குறித்துக்கொள்வோம்.

நடுவில் விரிக்கப்படும் பலகையில் 61 அறுகோணக் கட்டங்கள் உள்ளன. நகரம், பசுமைவெளி, கடல் என்று அச்சிட்ட சில்லுகளை ஆடுவோர் இக்கட்டங்களின்மேல் வைத்துச் செல்கின்றனர். சில கட்டங்களில் சிறு படங்கள் உண்டு. இலைப்படம் இட்ட கட்டத்தில் சில்லு வைப்பவருக்குச் செடிகளும், இரும்புப் படம் இட்டதில் எஃகும், வேறு சிலவற்றில் டைட்டானியமோ புதிய அட்டையோ கிடைக்கும். கடலை ஒட்டிச் சில்லு வைத்தால் பணம் வரும். ஆட்ட முடிவில் ஒரு நகரத்தைச் சுற்றியுள்ள பசுமைவெளி ஒவ்வொன்றுக்கும் நகரத்துக்கு உரியவர் ஒரு புள்ளி பெறுவார்.

கணக்கும் கற்பனையும் இணைந்த நல்ல ஆட்டம் இது என்பதில் நமக்கு ஐயமில்லை. பனிபடர்ந்த செந்நிலத்தில் முதல் கடற்சில்லை வைக்கும்போது ஆடுவோர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றுகிறது. வறண்ட நிலம் நீர் கண்டால் மகிழும் உள்ளம் மனிதர் அனைவர்க்கும் பொது. கோடைதோறும் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த சென்னைவாசிகளுக்கு அது இன்னும் நெருக்கமானது.

விரிவாக்க வரைபடங்களின் சிறப்பு

ஆயினும் ஒரே பலகையில் பத்து முறை ஆடியவர்க்கு அது பழகிப்போகிறது. எந்த மூலையில் நகரம் அமைப்பது, எங்கே கடலை எதிர்பார்ப்பது என்பன மனப்பாடமாகிவிடுகின்றன. இதற்கு மாற்றாக 2017இல் வெளிவந்ததே 'ஹெல்லாஸ் - எலிசியம்' என்னும் விரிவாக்கம். இருபுறமும் அச்சிட்ட ஒற்றைப் பலகை அது. புதிய அட்டைகளில்லை, விதிகளும் ஏறத்தாழப் பழையனவே. மாறுவது நிலம் மட்டுமே. நிலத்தோடு, முந்திச் செய்தவர்க்குரிய 'மைல்கற்க'ளும் மிகுதியாகப் பெற்றவர்க்குரிய 'விருது'களும் மாறுகின்றன.

முதற்பலகை தார்சிஸ் என்னும் எரிமலை மேட்டுநிலத்தைக் காட்டுவது. ஹெல்லாஸ் பலகையோ கோளின் தென்பகுதியைக் காட்டுகிறது. தென்துருவம் அதில் உண்டு. அங்கே சில்லு வைப்பவர் ஆறு நாணயம் செலுத்த வேண்டும். பதிலுக்குக் கடற்சில்லு ஒன்றை வைக்கும் உரிமை கிடைக்கும். துருவத்தைச் சூழ்ந்த கட்டங்களில் வெப்பம் பரிசாகக் கிடைக்கிறது. பலகையின் ஒரு பக்கம், ஏழு கட்டங்கள் ஒன்றுகூடிய பெருங்குழி நீருக்காகக் காத்துக் கிடக்கிறது. மெய்யான செவ்வாயிலும் ஹெல்லாஸ் என்பது ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் அகன்ற பள்ளம்தான். மறுபுறமுள்ள எலிசியமோ வடக்கே தாழ்ந்த கடல்நிலமும் தெற்கே கனிமம் செறிந்த வறள்நிலமுமாகப் பிரிந்து கிடக்கிறது. அதன் ஓரத்தில், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயரமுள்ள ஒலிம்பஸ் மலைக்கு ஒரு கட்டம் உண்டு. அங்கே சில்லு வைப்பவர் மூன்று அட்டைகளை ஒருசேரப் பெறுவார்.

இதனால் நேர்வது யாது? தார்சிஸ் பலகையில் வெற்றி தேடித்தந்த பழக்கம் ஹெல்லாஸ் பலகையில் கைகொடுப்பதில்லை. நம் வட்டத்து மாணவர் ஒருவர் முதற்பலகையில் தோல்வியே அறியாதவர். ஹெல்லாஸ் பலகையில் அவர் பெருங்குழியின் கரையை முன்கூட்டியே வளைத்து நகரங்களை நட்டார். மற்றவர் எவரும் அக்குழியில் நீரூற்ற முன்வரவில்லை. கடைசித் தலைமுறைவரை அவர் நகரங்கள் வறண்ட பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. விதி அதுவே, அறிவும் அதுவே, நிலம் வேறு. இடம் அறிந்து செய்க என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததன் பொருளை ஒரு மாலைப்பொழுதில் அப்பலகை உணர்த்திற்று. விரிவாக்க வரைபடங்களின் தலையாய சிறப்பு இதுவென்றே கொள்கிறோம். கோள் என்பது எங்கும் ஒரே தன்மையதான மேசைவிரிப்பு என்னும் எண்ணத்தை அவை கலைக்கின்றன.

பெயர்கள் கொண்டுவரும் நினைவு

வரைபடம் என்றதும் பெயர்கள் முன்னிற்கின்றன. இப்பெயர்கள் ஆட்டக்காரர் புனைந்தவையல்ல. 1877இல் இத்தாலியின் மிலான் நகர வானாய்வகத்திலிருந்து செவ்வாயை நோக்கி வரைந்த ஜொவான்னி ஸ்கியாபரெல்லி, தம் வரைபடத்துக்குக் கிரேக்க, இலத்தீன், விவிலிய நிலவியலிலிருந்து பெயர்களை எடுத்தாண்டார். ஹெல்லாஸ் என்பது கிரேக்க நாடு. எலிசியம் என்பது கிரேக்கர் கதைகளில் நற்பேறு பெற்றோர் மறுமையில் வாழும் இடம். தார்சிஸ் என்பதோ நாம் நன்கறிந்த தர்சீசு. ஆண்டவர் அனுப்பிய திசைக்குப் போகாமல் யோனா தப்பியோட எண்ணிய தொலைவூர்.

சாலமோன் அரசரின் தர்சீசுக் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்குகள் ஆகியவற்றோடு மயில்களையும் கொண்டுவந்ததாக அரசர்கள் முதல் நூல் கூறுகிறது. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைத் தமிழின் 'தோகை' என்பதோடு கால்டுவெல் முதலியோர் இணைத்துக் காட்டியதையும் வாசகர் அறிவர். மயிலின் பெயர் தாங்கிய ஊரில் அமர்ந்து, தர்சீசின் பெயர் தாங்கிய செவ்வாய் நிலத்தில் நாம் சில்லுகளை நகர்த்திக்கொண்டிருந்தோம்! பழைய கடல்வழி ஒன்று மேசைமீது வந்து கிடந்ததுபோல் தோன்றிற்று.

ஸ்கியாபரெல்லிக்கு முன்பே, 1858இல், உரோமையின் இயேசு சபைக் குருவான ஆஞ்செலோ செக்கி செவ்வாயை வரைந்தார்; அதன் கருந்தடங்களுக்குக் 'கனாலே' என்னும் இத்தாலியச் சொல்லை ஆண்டவரும் அவரே. ஸ்கியாபரெல்லியும் அச்சொல்லைக் கையாள, அது ஆங்கிலத்தில் 'வெட்டப்பட்ட கால்வாய்' என்னும் பொருளில் பரவிற்று. அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் அக்கால்வாய்களை வெட்டிய அறிவுயிர்களையும் கற்பித்துக்கொண்டார். 1965இல் மாரினர் 4 அனுப்பிய படங்களில் கால்வாய்களில்லை. குழிகள் நிறைந்த தரையே இருந்தது. காண விரும்பியதை நிலத்தின்மேல் எழுதிவிட்டு, எழுதியதையே கண்டதாக நம்புவது மனித இயல்பு. லோவெல் உயிரற்ற இடத்தில் உயிர்களை எழுதினார். உயிருள்ள இடத்தில் வெறுமையை எழுதியோர் கதை அதனினும் நீண்டது. அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

மூன்று புள்ளி

ஆட்டத்தின் அட்டைகளுள் ஒன்று 'உயிர் தேடல்' என்பது. உயிர்வளி 6 விழுக்காட்டைத் தாண்டுமுன் அதனை விளையாட வேண்டும். பின்னர் ஒவ்வொரு முறையும் ஒரு நாணயம் செலுத்தி, அடுக்கின் மேலட்டையைப் புரட்டிப் பார்க்கலாம். நுண்ணுயிர்க் குறியுள்ள அட்டை வந்தால் செவ்வாயில் உயிர் இருப்பது கண்டறியப்பட்டதாகப் பொருள். அவ்வாறு கண்டறிந்தவருக்கு ஆட்ட முடிவில் மூன்று புள்ளிகள்.

எலிசியம் பலகையில் நாம் ஆடிய மாலையொன்றில் இது நேர்ந்தது. ஐந்தாம் முயற்சியில் மாணவர் புரட்டிய அட்டையில் அக்குறி இருந்தது. மேசையைச் சுற்றிச் சிறு ஆரவாரம் எழுந்தது. தமிழாசிரியர் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்கே உயிர் இருக்கிறதென்று தெரிந்துவிட்டதே. இனி என்ன செய்யப்போகிறாய்?"

"மூன்று புள்ளி கிடைக்கும், சார்."

"அது சரி. அந்த உயிருக்கு?"

மாணவர் விதிநூலைப் புரட்டினார். அதில் விடையில்லை. அடுத்த முறை வந்தபோது அவர் ஒரு கடற்சில்லை வைத்தார். அதற்கடுத்தவர் வெப்பத்தை இரண்டு படி உயர்த்தினார். மனித வரலாற்றின் ஆகப்பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்த பின்னும் பலகையின் ஒரு கட்டம்கூட மாறவில்லை. மூன்று பசுமைவெளிகளின் மதிப்பு அக்கண்டுபிடிப்புக்குக் கிடைத்தது, அவ்வளவே.

இவ்விடத்தேதான் விரிவாக்க வரைபடங்களின் குறை நமக்குத் தெளிவாயிற்று. அவை நிலத்துக்கு நிலம் வேறுபாடு காட்டுகின்றன. ஆனால் அவ்வேறுபாடு முழுவதும் விளைச்சலின் வேறுபாடு. இங்கே எஃகு, அங்கே செடி, துருவத்தில் கடல், மலையில் அட்டை என்று ஒவ்வொரு கட்டமும் தான் தரக்கூடியதைச் சொல்லி நிற்கிறது. தான் யாதென்று சொல்லும் கட்டம் ஒன்றேனும் இல்லை. மைல்கற்களையும் விருதுகளையும் பாருங்கள். துருவத்தை ஒட்டிய கீழிரு வரிசைகளில் மூன்று சில்லு வைத்தவருக்குத் 'துருவ ஆய்வாளர்' என்னும் மைல்கல். தென்பகுதியில் மிகுதியாகச் சில்லு வைத்தவருக்குப் 'பாலைக் குடியேறி' விருது. கடலோரக் கட்டங்களை மிகுதியாகப் பிடித்தவருக்கு 'மனை வணிகர்' விருது. ஆராய்வது, குடியேறுவது, வணிகம் செய்வது ஆகிய மூன்று பெயர்களும் சில்லு வைத்து மூடுவதையே சொல்கின்றன. மூடாமல் விட்டதற்கென்று ஒரு மைல்கல் இரு பலகைகளிலும் இல்லை. அட்டைகளுள் 'இயற்கைக் காப்பிடம்' ஒன்றுண்டு. அதுவும் ஒரு சில்லாகவே வைக்கப்படுகிறது, ஒரு புள்ளி பெறுகிறது. அதனைச் சுற்றி மற்றவர் மறுநாளே நகரம் எழுப்புவதை எவ்விதியும் தடுப்பதில்லை.

ஓர் எதிர்வாதம்

செவ்வாயில் எவர் இருக்கிறார், பாறைக்கும் புழுதிக்கும் இரங்குவது மிகையன்றோ என்று நம் வட்டத்து இல்லத்தரசி வினவினார். நேர்மையான வினா. குடியேற்றத்தைப் பொருளாகக் கொண்ட பிற ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இவ்வாட்டத்துக்கு அவ்வகையில் ஒரு தூய்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2002இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'புவேர்ட்டோ ரிக்கோ' ஆட்டத்தில், தோட்டங்களில் வேலை செய்யக் கப்பலில் வந்திறங்கும் பழுப்புநிறக் காய்களைக் 'குடியேறிகள்' என்று விதிநூல் அழைத்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டோர் யார் என்பதை வரலாறு அறியும். நெடுங்காலம் எழுந்த கண்டனத்துக்குப் பின், 2022இல் அவ்வாட்டம் 1897ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு திருத்தி வெளியிடப்பட்டது. அத்தகைய பழி செவ்வாய் ஆட்டத்துக்கு இல்லை. ஒருவரையும் விரட்டாமல் குடியேறும் இன்பத்தை அது நல்குகிறது.

ஆனால் நம் வினா பாறையின் உரிமை பற்றியதன்று. ஆடுவோரின் கண் எதற்குப் பழகுகிறது என்பது பற்றியது. வெற்றுநிலம் என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டவற்றுள் மெய்யாகவே வெறுமையாய் இருந்தவை மிகச் சில. இவ்வாட்டத்துக்குப் பின்னாளில் வந்த மற்றொரு வரைபடத்தின் பெயர் 'உட்டோப்பியா'. செவ்வாயின் வடபுலச் சமவெளிக்குரிய அப்பெயர், புனித தாமஸ் மோர் 1516இல் வெளியிட்ட நூலின் பெயர். நம் லஸ் பிரகாச மாதா ஆலயத்தின் தோற்றத்தையும் மரபு அதே ஆண்டோடு இணைத்துப் பேசும். மோர் கற்பித்த தீவினர் போரை வெறுப்பவர். எனினும் ஒரு மக்கள் தம் நிலத்தைப் பயன்படுத்தாமல் தரிசாகப் போட்டுவிட்டு, பிறர் அதில் பிழைப்பதையும் தடுப்பார்களாயின், அவர்கள்மீது போர் தொடுப்பது நியாயம் என்று அத்தீவினர் கருதுவதாக அந்நூல் சொல்கிறது. மோர் இதனை ஏற்றுச் சொன்னாரா, எள்ளிச் சொன்னாரா என்பது அறிஞர்தம் வழக்கு. பயன்படுத்தாத நிலம் உரிமையில்லா நிலம் என்னும் வாதம் அந்நூலோடு நின்றுவிடவில்லை என்பது மட்டும் உறுதி.

அதற்குச் சற்று முன்னர், 1493இல், திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தர் அட்லாந்திக் கடலில் ஒரு கோடு வகுத்தார். மறுஆண்டு தோர்தெசில்லாஸ் உடன்படிக்கை அக்கோட்டை மேற்கே தள்ளிவைத்தது. கோட்டின் ஒருபுறம் இசுப்பானியருக்கு, மறுபுறம் போர்த்துக்கீசியருக்கு. அந்நிலங்களில் வாழ்ந்த எவரிடமும் கேட்கப்படவில்லை. இவ்வகை ஆணைகளின்மேல் எழுந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாடு' திருச்சபைப் போதனையின் பகுதியன்று என்றும், அவ்வாணைகள் பூர்வகுடி மக்களின் சம மாண்பையும் உரிமைகளையும் போதிய அளவில் புலப்படுத்தவில்லை என்றும் வத்திக்கான் 2023 மார்ச் 30 அன்று வெளிப்படையாக அறிவித்தது. ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் கழிந்து வந்த சொல் அது. வந்ததற்காக நன்றி கூறுவோம். வர எத்தனை காலமாயிற்று என்பதையும் மறவாதிருப்போம்.

நம் ஊரும் ஒரு பலகையாயிருந்தது

இவையெல்லாம் கடல்கடந்த செய்திகள் என்று ஒதுக்க இயலாது. கோட்டின் நம் பக்கத்திலேதான் மயிலாப்பூர் விழுந்தது. போர்த்துக்கீசியர் 1520களில் இங்கே குடியமர்ந்தனர். திருத்தூதர் தோமாவின் நினைவைப் போற்றி ஆலயம் எழுப்பினர். 1606இல் மயிலை மறைமாவட்டம் தோன்றிற்று. நம் விசுவாச வாழ்வின் வேர்களுள் பல அங்கே உள்ளன. கடற்கரையில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் அக்காலத்தே இல்லாதொழிந்து, பின்னர் உள்நிலத்தில் இன்றுள்ள இடத்தில் எழுந்தது என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட செய்தியே. சாந்தோம் பகுதியில் கிடைத்த கோயில் கல்வெட்டுத் துண்டுகள் அதற்குச் சான்று பகர்கின்றன. நம் பேராலயத்தின் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும் கண், அத்துண்டுகளையும் குனிந்து பார்க்க வேண்டும். அது விசுவாசத்துக்கு இழுக்கன்று. உண்மைக்குச் செய்யும் மரியாதை. அக்கோட்டை நகரும் நிலைக்கவில்லை. பிரெஞ்சுக்காரரும் கோல்கொண்டாவினரும் அதன்மேல் தத்தம் சில்லுகளை வைத்தனர். பதினேழாம் நூற்றாண்டின் முடிவுக்குள் அதன் மதில்கள் வீழ்ந்தன.

மக்கள் வாழ்ந்த நிலத்துக்கு நேர்ந்தது இது. நீர் வாழ்ந்த நிலத்துக்கு நேர்ந்ததை அறியத் தியாகராய நகர்வரை போனால் போதும். நுங்கம்பாக்கம் தொட்டுச் சைதாப்பேட்டைப் பக்கம்வரை வளைந்து கிடந்த நீண்ட ஏரியை, மயிலாப்பூர் ஏரி என்றும் மாம்பலம் ஏரி என்றும் அழைத்தனர். 1920களில் அதன் நீரை வெளியேற்றி, தரையை மனைகளாக வகுத்து, புதிய நகர் ஒன்றை அமைத்தனர். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரை அதற்கு இட்டனர். நடுவே பனகல் அரசரின் பெயரில் பூங்கா வைத்தனர். பெருகிய நகரத்துக்கு வீடுகள் தேவைப்பட்டன. திட்டமும் அழகிய திட்டமே. எனினும் வரைபடத்தில் ஏரிக்குரிய நீலத்தை அழித்த கை, நீரின் நினைவை அழிக்க இயலவில்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்கள் பல நாள்கள் நீரில் நின்றதை நாம் கண்டோம். நீர் தன் பழைய முகவரியைத் தேடி வந்திருந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. எலிசியம் பலகை நீரோரத்தைப் பிடித்தவருக்கு மனை வணிகர் விருது தருகிறது. நம் ஊரில் நீரையே மனையாக்கி, நீரின் பெயரைத் தெருவுக்கு வைத்துக்கொண்டோம்.

அடையாற்றின் கழிமுகத்தை எண்ணிப் பார்ப்போம். அதன் ஒரு பகுதி மண்ணிட்டு மேடாகி மாடிகளைத் தாங்குகிறது. மற்றொரு பகுதி நெடுங்காலம் குப்பை கொட்டும் இடமாயிற்று. அதில் 58 ஏக்கரை மீட்டுச் சீர்செய்து 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தனர். உவர்நீரும் நாணலும் நண்டும் மீனும் பறவையும் அங்கே திரும்பிவர இடம் கிடைத்தது. ஆட்டத்தின் கணக்கில் அப்பூங்காவுக்கு என்ன புள்ளி கிடைக்கும்? அங்கே சில்லு வைத்தவர் எவருமில்லை. வைத்த சில்லை எடுத்தவர்கள் உண்டு. சில்லை எடுப்பதற்கு எந்தப் பலகையிலும் புள்ளியில்லை.

நாணயம் வைத்த கட்டம்

குறை சொல்லிவிட்டு எழுந்துபோவது திறனாய்வாகாது. ஆகவே நான்காம் மாலையில் ஹெல்லாஸ் பலகையை விரித்து, விதி ஒன்றைக் கூட்டிக்கொண்டு ஆடினோம். உயிரைக் கண்டறிந்தவர், காலியாக உள்ள கட்டம் ஒன்றைத் தேர்ந்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்க வேண்டும். அக்கட்டத்தில் எவரும் சில்லு வைக்கலாகாது. அதற்குப் புள்ளியும் இல்லை.

விளைவை உள்ளபடி சொல்வோம். ஆட்டம் சற்று நீண்டது. மாணவர் இருவரும் முதலில் முணுமுணுத்தனர். நாணயம் பெருங்குழியின் நடுக்கட்டத்தில் வைக்கப்பட்டது. கடலுக்கென ஒதுக்கிய கட்டங்கள் 12, தேவைப்படும் கடல்களோ ஒன்பது. ஆகையால் ஆட்டம் நின்றுவிடவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் சில்லைக் கையில் எடுக்கும்போது, அந்த நாணயத்தின்மேல் பார்வை ஒருகணம் தங்கியது. அதுவரை 'எங்கே வைக்கலாம்' என்று மட்டும் கேட்ட ஐவரும், முதன்முறையாக 'எங்கே வைக்கலாகாது' என்றும் கேட்டோம். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுத்துவிடாமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கவும், ஏழாம் ஆண்டில் நிலத்தை ஓய்வுகொள்ள விடவும் லேவியர் நூல் பணித்தது இத்தகைய கண்ணைப் பழக்குவதற்கே என்று தமிழாசிரியர் சொன்னார். நாபோத்தின் தோட்டம் ஆகாபு அரசனுக்குக் கீரைக்கொல்லையாகத் தெரிந்தது. நாபோத்துக்கு அது மூதாதையர் விட்டுச்சென்ற உரிமை. ஒரே நிலம்தான். அரசனின் வரைபடத்தில் விளைச்சல் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது.

முடிவாகச் சில சொற்கள்

செவ்வாய் இன்று நமக்கு அயலூரன்று. 2013 நவம்பர் 5 அன்று சென்னைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று அக்கோளின் சுற்றுப்பாதையை அடைந்தது. இவ்வாட்டம் கற்பனையில் வைக்கும் கேள்விகளை நம் பேரப்பிள்ளைகள் மெய்யாகவே எதிர்கொள்ளும் காலம் வரலாம். அப்போது அவர்கள் கையில் எவ்வகை வரைபடம் இருக்கும் என்பதை, இன்று அவர்கள் எவ்வகைப் பலகையில் ஆடுகிறார்கள் என்பதும் ஓரளவு தீர்மானிக்கும்.

ஆகவே இவ்விரிவாக்கத்தை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதற்பலகையில் நன்கு பழகியோர் வாங்கி ஆடலாம். அவசரப்பட்டு முதலிலேயே வாங்குவதில் பயனில்லை. பழகிய நிலம் ஒன்றிருந்தால்தான் புதிய நிலத்தின் வேறுபாடு புரியும். இரண்டனுள் ஹெல்லாஸ் பலகையே நம் மதிப்பில் உயர்ந்தது. எலிசியம் வளத்தை அள்ளித்தருகிறது. ஹெல்லாஸ் துருவத்துக்கு விலை கேட்கிறது. ஒரு பலகை 'இவ்விடத்துக்கு வருவதற்கு நீ ஏதேனும் தரவேண்டும்' என்று சொல்லத் தொடங்கினால், அது நல்ல தொடக்கம். வகுத்தவர்கள் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, தரவேண்டியது பணம் மட்டுமன்று என்றும் ஒருநாள் சொல்வார்களாயின், இது மிகச் சிறந்த ஆட்டமாகிவிடும்.

அன்றிரவு ஆட்டம் முடிந்து சில்லுகளைப் பெட்டியில் அடுக்கியபோது, குழியின் நடுவிலிருந்த நாணயத்தை எடுக்க மாணவர் கை நீட்டினார். பிறகு, "நீங்களே எடுங்கள், சார்" என்றார். தமிழாசிரியரும் எடுக்கவில்லை. பலகையை மடிக்க வேண்டியிருந்ததால், கடைசியில் இல்லத்தரசி அதனை எடுத்து அலமாரித் தட்டில் வைத்தார். அடுத்த ஞாயிறும் அது அங்கேயே இருந்தது.